பதினான்கு சென்ட் பங்காளிகள்

நோட்டீஸ் வந்த அன்று எனக்கு ஏ ஷிப்ட். மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், அம்மா வாசற்படியில் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். முழுக்கக் கூட்டிப் படித்து முடித்துவிட்டாள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"சுபாஷு நம்மள வூட்ட வுட்டு ஏந்திருக்கச் சொல்லிக்கீறான்" என்றாள்.

சுபாஷ் எனக்கு அண்ணன் முறை. எங்கள் கொள்ளுத் தாத்தா கன்னியப்பனுக்கு இரண்டு மனைவிகள். தாயாரம்மாள் வழியில் வந்தவன் சுபாஷ். பச்சையம்மாள் வழியில் வந்தவர்கள் நானும் என் தம்பி இளம்பரிதியும், அப்பா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. வல்லம் வடகாலில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலியும் ஒரு முருங்கை மரமும்தான். கம்பெனிகளுக்குத் தண்ணீர் லாரியும் ஒப்பந்த ஆட்களும் அனுப்பி சுபாஷ் பெரிய ஆளாகிவிட்டான். அவனுடைய இரண்டு ஏக்கரைக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி குத்தகைக்குக் கேட்கிறது. நாற்பது அடி டிரெய்லர் உள்ளே போய்த் திரும்ப வேண்டுமானால், எங்கள் வீடு நிற்கிற பதினான்கு சென்ட் வழியாகத்தான் போக வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால் ஆர்டிஓ என்கிற கோட்டாட்சியரிடம் அவன் கொடுத்த மனுவில் டிரெய்லரைப் பற்றி ஒரு வரி கிடையாது. எண்பதுகளில் நடந்த நில அளவையில் எங்கள் தாத்தா முனுசாமி பெயருக்குத் தவறுதலாகப் பட்டா கொடுத்துவிட்டார்களாம். அதை ரத்து செய்ய வேண்டுமாம். ஆதாரமாக 1961-இல் தாயாரம்மாளின் மகன்கள் இருவரும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை இணைத்திருந்தான். அதில் இப்படி இருந்தது: "எங்கள் தகப்பனார் காலஞ்சென்ற கன்னியப்பன் அபிமான ஸ்திரீயாக வைத்திருந்த பச்சையம்மாள் என்பவள் மேற்படி பதினான்கு சென்ட்டைத் தன் ஆயுள்வரை அனுபவித்துக்கொண்டு, பின்பு அது எங்களுக்கே வந்து சேர வேண்டியது."

அபிமான ஸ்திரீ என்றால் என்னவென்று எனக்கு உடனே விளங்கவில்லை. ஏதோ மரியாதையான பட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்ரீபெரும்புதூரில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் வக்கீல் ஜாஸ்மின்தான் சொன்னாள்.

"வைப்பாட்டின்னு அர்த்தம் அக்கா. பழைய பத்திரத்துல அப்படித்தான் எழுதுவாங்க."

எனக்குக் காது சுட்டது. கெட்ட வார்த்தையைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரம் எழுதும்போது பச்சையம்மாள் உயிரோடு இருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் மகனுக்கு, அதாவது எங்கள் தாத்தாவுக்கு, பதின்மூன்றோ பதினைந்தோ வயது. யாரும் அவளைக் கேட்கவில்லை, யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் வாழ்ந்து, அந்த வார்த்தையைத் தெரிந்துகொள்ளாமலே செத்துப்போனாள்.

என் கதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்குக் கல்யாணமாகி மூன்றே வருடத்தில் திரும்பி வந்துவிட்டேன். ஹாலோகிராம் ஒட்டிய திருமணப் பதிவுச் சான்று என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, புருஷன்தான் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. பச்சையம்மாள் ஒருத்தனோடு வாழ்ந்தாள், பிள்ளை பெற்றாள், அவனுக்குக் கொள்ளி வைக்கும்வரை கூட இருந்தாள். அவளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இதில் யார் மனைவி என்று காகிதத்தைக் கேட்டால் அது என்னைத்தான் காட்டும்.

ஜாஸ்மின் விளக்கமாகச் சொன்னாள். "1949-ல சட்டம் வந்துச்சு அக்கா. அதுக்கு முன்னாடி இந்து ஆம்பளை ரெண்டு கட்டியிருந்தா ரெண்டும் செல்லும். அப்புறம் கட்டினா ரெண்டாவது செல்லாது. நாம காட்ட வேண்டியது ரெண்டு. கல்யாணம் நடந்துச்சு. அது நாற்பத்தொன்பதுக்கு முன்னாடி நடந்துச்சு."

"அந்தக் காலத்துல யாரும்மா பதிவு பண்ணாங்க? சாமி எதிர்ல தாலிய கட்டினு வந்துடுவாங்க."

"தேடிப் பாருங்க. கிடைக்கிறதை எல்லாம் கொண்டாங்க."

தேடுவது எனக்குப் புதிதில்லை. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். ஒரு பாகம் கெட்டுப்போய்த் திரும்பி வந்தால், அது எந்த லாட், எந்த ஷிப்ட், எந்த மெஷின், யார் கை பட்டது என்று பின்னாலேயே போய்ப் பிடிப்பதுதான் என் வேலை. சூப்பர்வைசர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. விடமாட்டாள் என்பார்கள். விடமாட்டேன்தான்.

வாராந்திர லீவு நாட்களை எல்லாம் இதிலேயே கரைத்தேன். தாலுகாவில் பிறப்புப் பதிவேட்டைத் தேடினேன். முனுசாமி பிறந்தது 1948, தகப்பன் கன்னியப்பன், தாய் பச்சையம்மாள். பள்ளிக்கூடச் சான்றிதழில் அதே முனுசாமி 1946-இல் பிறந்திருக்கிறார். ஒரே மனிதர் இரண்டு வருட இடைவெளியில் இரண்டு தடவை பிறந்திருக்கிறார் என்றால், இந்தக் காகிதங்களை எவ்வளவு நம்புவது? பத்திரப்பதிவின் பழைய பெயர் அட்டவணையில் 1943-இல் கன்னியப்பன் பச்சையம்மாளுக்கு ஏதோ எழுதிக் கொடுத்ததாக ஒரு வரி இருந்தது. பத்திரம் இருக்க வேண்டிய பக்கத்தைத் திறந்தால், காகிதம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. அங்கிருந்த எழுத்தர் பாவம், தூளைக் கையில் எடுத்துக் காட்டி, "இதுல எந்த வார்த்தையைப் படிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். 1952 வாக்காளர் பட்டியலில் எங்கள் ஊர் கிடைத்தது. ஒரே கதவு எண். தாயாரம்மாள், கணவர் பெயர் கன்னியப்பன், வயது 28. பச்சையம்மாள், கணவர் பெயர் கன்னியப்பன், வயது 30. படித்ததும் அந்த ஹாலிலேயே அழுதுவிட்டேன். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. இரண்டாந்தாரம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவள் மூத்தவளா? அப்படியானால் யார் முதலில் வந்தது? ஒரு காகிதம் சொல்வதை இன்னொரு காகிதம் ஒத்துக்கொள்ளவில்லை. கன்னியப்பன் எழுந்து வந்தால்கூட யோசித்துத்தான் சொல்வார் போலிருந்தது.

எல்லாவற்றையும் ஜாஸ்மினின் மேஜையில் பரப்பினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வாக்காளர் பட்டியல் நல்லாருக்கு. ஆனா 1952. நாற்பத்தொன்பதுக்கு அப்புறம். மத்தது ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. அவங்க வக்கீல் இதைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாரு."

"அப்ப இன்னா பண்றது?"

"இன்னொரு வழி இருக்கு. ஒருத்தரை ஒரு குடும்பம் சொந்தம்னு நடத்தியிருந்தா, அந்த நடத்தையும் சாட்சிதான். உங்களைப் பங்காளின்னு அவங்க வீட்டுலயே ஒத்துக்கிட்டு எழுதின காகிதம் ஏதாவது இருக்கா?"

இருக்கிறதா என்று யோசித்தேன். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுப் பானையும் எங்கள் வீட்டுப் பானையும் ஒன்றாகத்தான் பொங்கும். எங்கள் தாத்தா செத்தபோது சுபாஷின் அப்பா ஏகாம்பரம் பெரியப்பா மொட்டை போட்டுக்கொண்டு பதினாறு நாள் தீட்டுக் காத்தார். எங்கள் வீட்டுப் பெண்ணை அவர்கள் வீட்டில் கட்ட மாட்டார்கள், அண்ணன் தங்கை முறை. இவ்வளவும் உண்டு. காகிதம்தான் இல்லை. கூடவே வாழ்கிறவர்களிடம் யார் எழுதி வாங்கி வைப்பார்கள்?

விசாரணைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சுபாஷே வீட்டுக்கு வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காபியைக் குடித்தான். குடிக்கட்டும், சின்ன வயதிலிருந்து குடிக்கிற காபி.

"சின்னம்மா, உன்ன யாரு ஏந்திருக்கச் சொன்னாங்க? மனு எல்லாம் சும்மா சட்டத்துக்கு. நீ இருக்கிற வரைக்கும் இங்கியே இரு. லாரி போறதுக்கு ஓரமா வழி வுட்டா போதும். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா கேஸ நானே வாபஸ் வாங்கிக்கிறேன்."

காகிதத்தை நான் வாங்கிப் படித்தேன். 1961-ஆம் வருடப் பத்திரத்தில் உள்ளது சரி என்று நாங்கள் ஒப்புக்கொள்கிறோமாம். சுபாஷின் அனுமதியின்பேரில் அம்மா தன் ஆயுள்வரை இந்த வீட்டில் இருந்துகொள்வாளாம்.

"எங்கம்மாவோட ஆயுள நீ எழுதறியா?" என்றேன்.

"சசி, நான் நல்லதுக்குத்தான் சொல்றேன். கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா நீ ஷிப்டுக்குப் போவியா, வாய்தாவுக்குப் போவியா?"

"பச்சையம்மாளுக்கும் இதையேதான் எழுதினீங்க. சாவற வரைக்கும் இருந்துக்கோன்னு. அவங்களுக்குப் படிக்கத் தெரியல. எனக்குத் தெரியும்."

"அந்தக் காலத்துல எழுதினதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

"இந்தக் காலத்துல எழுதினத நீ கிழிச்சுப் போடலாம். இல்லன்னா நான் போடறேன்."

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். காபி டம்ளரை மட்டும் வழக்கம்போல அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது பேசினாள்.

"கையெழுத்துப் போட்டிருந்தா இன்னா? நான் இன்னும் எத்தினி வருசம்? நீங்க ரெண்டு பேரும் சம்பாரிக்கிறீங்க, வேற எங்கனா கட்டிக்கினு போங்க."

"போலாம். வைப்பாட்டி வூட்டு ஆளுங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவ மாட்டேன்."

"செத்துப்போனவங்களுக்கு அதெல்லாம் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியும்மா."

அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அவள் பயந்திருந்தாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது. என்னுடைய வீம்பு அவளை நடுத்தெருவில் நிறுத்திவிடுமோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பயத்தோடேயே வீம்பாகவும் இருக்க முடியும் என்று அந்த மாதம் கற்றுக்கொண்டேன்.

அப்போதுதான் ஏகாம்பரம் பெரியப்பா செத்துப்போனார். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டார். நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு போனவர் அவர். வழக்கு வந்த பிறகு என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார், மகனைத் தட்டிக் கேட்க மாட்டார். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை. ஆனால் செய்தி கேட்டதும் வேலியைத் தாண்டி ஓடினேன், அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யார் என்ன நினைப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

மதியம் தண்ணீர் கொண்டுவரப் பங்காளிகளைக் கூப்பிட்டார்கள். பிணத்தைக் குளிப்பாட்ட நீர் எடுத்து வருவதைப் பங்காளிகள் மட்டும்தான் செய்வார்கள், சம்பந்தி மாமன் மச்சான் யாரும் அந்தக் குடத்தைத் தொட மாட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஐந்தாவதாக, "இளம்பரிதி எங்கடா?" என்றார். தம்பி கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்தான். நான் போ என்று தலையாட்டினேன். சட்டையைக் கழற்றிவிட்டுப் போனான். சுபாஷ் பார்த்தான், தடுக்கவில்லை. சுடுகாட்டில் தம்பி மொட்டை போட்டு மீசையையும் எடுத்துக்கொண்டான்.

அம்மா அன்றே வீட்டில் சாமி படத்தைத் திருப்பி வைத்துவிட்டாள். அவளுக்கும் தம்பிக்கும் பதினாறு நாள் தீட்டு. எனக்கு மூன்றே நாள்தானாம், கட்டிக் கொடுத்த பெண் என்பதால். கட்டினவன் ஓடிப்போன பிறகும் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. தம்பிக்கு வேறு தொல்லை. அவன் கம்பெனி வாசலில் முகம் பார்த்து வருகை போடும் மெஷின் மூன்று நாள் அவனை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிட்டது. முடியும் மீசையும் இல்லாத இளம்பரிதி அதன் பதிவில் இல்லை.

பத்தாம் நாள் போல, கம்பெனி பஸ்ஸில் ரஞ்சனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து ஊர்க்காரி, என்னோடு அதே லைனில் வேலை பார்ப்பவள். கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள்.

"எங்க மாமா வூட்டுக்கு வந்துச்சு. இது உங்க வூட்டுக் காரியமாக்கா? உன் தம்பி பேரு கீது."

கருமாதிப் பத்திரிகை. கறுப்புக் கட்டத்துக்குள் பெரியப்பா படம். கீழே மனைவி கலைமணி, மகன் சுபாஷ், மருமகள், பேரப்பிள்ளைகள். அதற்குக் கீழே பங்காளிகள் என்று போட்டு ஏழு பெயர். ஐந்தாவது: "முனுசாமி பேரன் மு. கோ. இளம்பரிதி."

இந்தப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரவும் வராது. பங்காளிக்கு யாரும் பத்திரிகை வைக்க மாட்டார்கள். காரியத்துக்கு அழைக்கிறவர்களே பங்காளிகள்தான், தன்னைத் தானே யார் அழைத்துக்கொள்வது? அதனால் இப்படி ஒன்று அச்சாகி ஊரெல்லாம் போய்க்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. எங்களை வைப்பாட்டி வழி என்று மனுக் கொடுத்த சுபாஷ், தன் செலவில் முந்நூறு பத்திரிகை அடித்து, நாங்கள் அவன் பங்காளிகள் என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இத்தக் குடு" என்று ரஞ்சனியிடம் வாங்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் காட்டியதும் அவளுக்கு முகம் மலர்ந்தது. தம்பி பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். இதை விசாரணைக்குக் கொண்டு போகப் போகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது.

"சாவுக் காகிதம்டி இது. இத்தப் போயி கேசுல வெப்பாங்களா?"

"எங்க பாட்டி செத்தப்புறம்தான அவங்கள அவன் கேசுல வெச்சான்?"

சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் கூச்சமாக இருந்தது. ஜாஸ்மினுக்குப் போன் செய்தேன். அவள் மறுபடியும் மறுபடியும் படிக்கச் சொன்னாள். "இதுதான் அக்கா நான் கேட்ட காகிதம்" என்றாள். இருந்தாலும் நான் ஒன்று செய்தேன். அன்று சாயங்காலமே வேலியைத் தாண்டி கலைமணி பெரியம்மாவைப் பார்க்கப் போனேன்.

பெரியம்மா மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. பத்திரிகையை அவள் முன்னால் வைத்தேன்.

"பேரெல்லாம் யாரு சொன்னது பெரிம்மா?"

"நான்தான். சுபாஷு எங்க, அழுதுக்கினு கெடந்தான். பிரஸ்காரன் வந்து கேட்டான், நான் சொன்னேன். முனுசாமி மாமா வழிய வுட்டுட்டா உங்க பெரியப்பா ஒத்துக்குவாரா?"

அவளை ஏமாற்றக் கூடாது என்று எனக்கு இருந்தது. "பெரிம்மா, இத்த நான் ஆர்டிஓ ஆபீசுக்கு..."

அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"நீ கேட்டா நான் வேணாம்னு சொல்லணும். அவன் என் புள்ள. கேக்காத போ."

கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

கருமாதி முடிந்து நான்காம் நாள் விசாரணை. கோட்டாட்சியர் ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு கட்டுக் கட்டாகக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சுபாஷும் அவன் வக்கீலும். இன்னொரு பக்கம் நான், அம்மா, தம்பி, ஜாஸ்மின். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மொட்டைத் தலை, ஒரே அளவு வளர்ந்த முடி.

அவர்கள் வக்கீல் முதலில் பேசினார். ஜாஸ்மின் சொன்னபடியே எங்கள் காகிதங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். பிறந்த வருடம் இரண்டு. பத்திரம் இல்லாத அட்டவணை. சட்டத்துக்குப் பிந்திய வாக்காளர் பட்டியல். அதுவும் யாரோ வீட்டு வாசலில் நின்று கேட்டு எழுதியது. பதிவு செய்யப்பட்ட ஒரே சரியான ஆவணம் 1961-ஆம் வருடப் பத்திரம்தான், அதில் அந்த அம்மையாரின் நிலை தெளிவாக இருக்கிறது என்றார். அந்த அம்மையாரின் நிலை என்று சொல்லும்போது லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

ஜாஸ்மின் எழுந்து ஒன்றும் நீளமாகப் பேசவில்லை. பத்திரிகையை நீட்டினாள்.

கோட்டாட்சியர் படித்தார். சுபாஷைப் பார்த்தார். "அப்பாவா? எப்ப தவறினார்?"

"இருபது நாளாச்சு மேடம்."

"இந்தப் பத்திரிகை உங்க வீட்டுல அடிச்சதுதானா?"

சுபாஷ் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். அப்போதுதான் அவன் அந்த வரியை முதல் தடவையாகப் படிக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. "ஆமாம் மேடம்" என்றான்.

"பங்காளிகள்ல அஞ்சாவது பேரு யாரு?"

அவன் இளம்பரிதியைப் பார்த்தான். வக்கீல் முந்திக்கொண்டு, துக்கத்தில் கவனிக்காமல் அச்சடித்துவிட்டார்கள், அது தவறு என்றார்.

"சரி. அப்படின்னா அதை மனுதாரரே எழுதிக் கொடுக்கட்டும். இளம்பரிதி எங்கள் பங்காளி அல்ல, தவறாகப் போட்டுவிட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஃபைல்ல வெச்சிடலாம்" என்றார் கோட்டாட்சியர்.

எழுத்தர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். சுபாஷ் மேஜை ஓரத்தில் குனிந்து எழுத ஆரம்பித்தான். அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அந்த வரியை அவன் எழுதி முடித்தால் எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. வீடு போய்விடும்.

"மேடம், அவரு எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த" என்றேன். ஜாஸ்மின் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். கோட்டாட்சியர் பேனாவால் சைகை செய்தார், சொல்லு என்பது போல.

"அண்ணா, எழுதறதுதான் எழுதற, முழுசா எழுது. அன்னிக்கு ஏழு பேரு தண்ணி கொண்டாந்தாங்க. பங்காளி இல்லாதவன் தொட்ட தண்ணியிலதான் எங்கப்பாவக் குளிப்பாட்டினோம்னு அதையும் சேத்து எழுது. பங்காளி இல்லாதவன் பக்கத்துல உக்காந்துதான் நான் மொட்ட போட்டுக்கினேன்னு எழுது. அப்புறம் கையெழுத்துப் போடு."

கொடுமையான வார்த்தைதான். அப்பாவை இழந்து இருபது நாள் ஆன மனிதனிடம் சொல்லக் கூடாத வார்த்தை. தெரிந்தேதான் சொன்னேன், இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை. செத்துப்போன ஒருத்தியைப் பற்றி அவன் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், செத்துப்போன இன்னொருவரைப் பற்றியும் அவன் எழுதித்தான் ஆக வேண்டும்.

சுபாஷின் கை நின்றுவிட்டது. "இளம்பரிதி எங்கள் பங்காளி" என்று வரை எழுதியிருந்தான். நான் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தது. அடுத்த வார்த்தைக்குப் பேனா தாளில் பட்டபடியே இருந்தது, மை ஊறிப் புள்ளியாகப் பெருத்தது. வக்கீல் அவன் காதருகில் ஏதோ சொன்னார். அவன் கேட்கவில்லை. தம்பியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

பேனாவை மூடி மேஜை மேல் வைத்தான். "என்னால முடியாது மேடம்" என்றான்.

"அப்ப பத்திரிகையில இருக்கிறது சரியா?"

தம்பியைக் காட்டி, "அவன் வராம காரியம் நடந்திருக்காது" என்றான்.

கோட்டாட்சியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எழுத்தரிடம் வாசகம் சொல்ல ஆரம்பித்தார். மனுதாரரின் குடும்பத்தார் எதிர்மனுதாரர்களைத் தொடர்ந்து பங்காளிகளாகவே நடத்தி வந்துள்ளதை மனுதாரர் மறுக்கவில்லை. ஆகவே பட்டாவை ரத்து செய்யக் கோரும் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். நடுவில் நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"பச்சையம்மாளை எப்படிக் குறிப்பிடறது? இரண்டாவது மனைவின்னு போடலாமா?"

"மொதல் எது, ரெண்டாவது எதுன்னு ஒரு காகிதமும் ஒழுங்கா சொல்லல மேடம். அந்தப் பாட்டிக்கும் அது தேவையில்ல, இந்தப் பாட்டிக்கும் தேவையில்ல. மனைவின்னு மட்டும் போடுங்க. தாயாரம்மாளுக்கும் அப்படியே போடுங்க."

சுபாஷ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

எழுத்தர் எழுதி முடித்தார். இரு தரப்பும் கேட்டுக்கொள்ள வாசிக்க வேண்டும் என்பதற்காக, பஸ் போய்விடும் போல மளமளவென்று ஒரே மூச்சில் வாசித்தார். அதில் நடுவே எங்கோ, "கன்னியப்பன் என்பவரின் மனைவி பச்சையம்மாள்" என்று ஒரு துண்டு வந்து போய்விட்டது. வெளியே அடுத்த வழக்குக்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

"சார், அந்த வரிய இன்னொரு தரம் படிங்க" என்றேன்.

"கேட்டீங்கல்ல மேடம், நகல் தருவோம், வீட்டுல படிச்சுக்குங்க" என்றார்.

"அறுபத்தொண்ணுல எழுதினத யாரும் எங்க பாட்டிக்குப் படிச்சுக் காட்டல. நீங்க இத்தப் படிச்சுக் காட்டாம நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

எழுத்தர் கோட்டாட்சியரைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, படிங்க என்றார். அடுத்த வழக்குக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சுபாஷின் வக்கீல் கோப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சுபாஷ் கிளம்பவில்லை, தம்பிக்குப் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக, அறை முழுக்கக் கேட்கும்படி படித்தார்.